பேலன்சரில் அசையாமல் நிற்கும் புரொப்பெல்லர் பறக்கும்போது அதிர்வது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியோ கட்டுப்பாட்டு விமானமோ ட்ரோனோ புதிதாகக் கட்டுகிறவர்களில் காந்த பேலன்சர் (புரொப்பெல்லரைக் காந்தங்களுக்கிடையே தடையின்றிச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் கனம் என்று காட்டும் கருவி) வைத்திருக்காதவர்களைக் காண்பது இப்போது அரிதாகிவிட்டது. அப்படியிருந்தும் கேமராவின் படம் நெளிகிறது, மோட்டாரின் பேரிங் விரைவிலேயே இரைகிறது, மோட்டாரைத் தாங்கும் திருகுகள் தானாகவே தளர்கின்றன. சமன்செய்த பிறகும் இவையெல்லாம் நடக்கின்றன என்றால், செய்த வேலையை வேறொரு தவறு எங்கோ அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தொடக்கத்தில் நானும் செய்த அதே தவறுகளைப் புதியவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். புரொப்பெல்லரை முன்பின்னாக மாட்டுவது, நட்டை முறுக்க மறப்பது ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு பிளேடில் மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தொலைவில் 0.1 கிராம் மட்டும் கூடுதலாக இருக்கிறது என்று கொள்வோம். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகள் சுழலும்போது அந்தச் சிறு எடை ஏறத்தாழ 6.6 நியூட்டன் விசையுடன், அதாவது 670 கிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு ஈடாக, தண்டை வெளிநோக்கி இழுக்கும். அந்த இழுப்பின் திசை நொடிக்கு 167 முறை சுற்றிவரும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்களை யாரும் அற்பமாக நினைக்க மாட்டார்கள்.

பிளேடைப் பார்த்துவிட்டு ஹப்பை விட்டுவிடுவது

இரட்டைப் பிளேடு புரொப்பெல்லர் கிடைமட்டமாக நிற்கிறது என்பதைக் கண்டதும் பலர் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். சமநிலைக் குறைவுக்கு அளவு இருப்பதுபோலவே திசையும் உண்டு. பிளேடில் ஒட்டும் டேப்பும் பிளேடில் தேய்க்கும் உப்புத்தாளும் பிளேடுகளின் நீளவாக்கில் இருக்கும் குறையை மட்டுமே சரிசெய்யும். ஹப்பின், அதாவது பிளேடுகள் சேரும் நடுப்பகுதியின், ஒரு பக்கம் கனமாக இருந்தால், அந்தக் குறை பிளேடுகளுக்குக் குறுக்காக இருப்பதால், பிளேடில் எதைச் செய்தாலும் தீராது.

பிளேடுகளை ஓரளவு சமன்செய்த பிறகு புரொப்பெல்லரைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். அது இடப்பக்கம் உருண்டால் ஹப்பின் இடப்பக்கம் கனம். எதிர்ப்பக்கத்தில் ஒரு சொட்டு எபாக்ஸி வைத்து, அது நன்றாக இறுகிய பிறகு மீண்டும் சோதியுங்கள். ஆனால் எபாக்ஸி வைக்கும் முன்பே, அதே புரொப்பெல்லரை மேல்கீழாகத் திருப்பி நிறுத்தும்போது அது வலப்பக்கம் உருண்டால் ஹப்பின் குறை உறுதியாகிறது. திருப்பிய பிறகும் இடப்பக்கமே உருண்டால் ஐயப்பட வேண்டியது பேலன்சரைத்தான். ஹப் சரியான பிறகு பிளேடுகளை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மூன்று பிளேடு புரொப்பெல்லருக்கு இந்தத் தொல்லை இல்லை. மூன்று பிளேடுகளும் 120 பாகை இடைவெளியில் இருப்பதால், குறை எந்தத் திசையில் இருந்தாலும் ஒரு பிளேடிலோ இரண்டு பிளேடுகளிலோ எடை சேர்த்தே அதை ஈடுகட்டிவிடலாம்.

துளையின் மையத்தை மறப்பது

இவற்றுள் என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். பொறுமையும் திறமையும் உள்ளவர்களே இதைச் செய்கிறார்கள். அவர்கள் மாலை முழுவதும் செய்த வேலை மாட்டும் நொடியில் வீணாகிறது.

பேலன்சரில் புரொப்பெல்லரை இரண்டு கூம்புகள் இருபுறமும் இறுக்கிப் பிடிக்கின்றன. கூம்பு தானாகவே துளையின் நடுவில் போய் அமரும். ஆகவே அங்கே நாம் சமன்செய்வது துளையின் மையத்தைச் சுற்றித்தான். மோட்டாரில் அந்தக் கூம்பு இருப்பதில்லை. துளையைவிடத் தண்டு மெலிந்திருந்தால், நட்டை முறுக்கும் நேரத்தில் புரொப்பெல்லர் எங்கே நழுவிக் கிடக்கிறதோ அங்கேயே பூட்டப்படும். பிறகு அது சுழலப்போவது தண்டின் மையத்தைச் சுற்றி. விமானத்தைத் தரையில் வைத்தபடி மாட்டினால், தண்டு படுக்கைவாக்கில் இருப்பதால், புரொப்பெல்லர் அந்த இடைவெளியில் பாதியளவு கீழே தொங்கித்தான் இறுகும்.

இந்த இடைவெளி எப்படி வருகிறது என்றால், பல புரொப்பெல்லர்களின் துளைகள் அங்குலக் கணக்கில் வருகின்றன, தண்டுகளோ பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கில் வருகின்றன. கால் அங்குலத் துளை 6.35 மில்லிமீட்டர். அது 6 மில்லிமீட்டர் தண்டில் இலகுவாக நுழைந்துவிடுவதால் பொருந்திவிட்டதாகவே தோன்றும். ஆனால் மையம் 0.175 மில்லிமீட்டர் வரை விலகலாம். புரொப்பெல்லரின் எடை 30 கிராம் என்றால், அந்த விலகல் 5.25 கிராம்-மில்லிமீட்டர் (எடையை மையத்திலிருந்து உள்ள தொலைவால் பெருக்கிய அளவு) சமநிலைக் குறைவை உண்டாக்கும். மேலே கணக்கிட்ட 0.1 கிராம், 60 மில்லிமீட்டரில், 6 கிராம்-மில்லிமீட்டர். பேலன்சரில் கவனமாக நீக்கிய குறை ஏறக்குறைய முழுவதும், நட்டை முறுக்கியவுடன் வேறு வழியாகத் திரும்பிவிடுகிறது.

இதைவிடக் கேடானது துளையைப் பெரிதாக்கும் முறை. பறக்கும் திடலில் ஒரு நண்பர் 12 அங்குல மரப் புரொப்பெல்லர் ஒன்றைக் கொண்டுவந்தார். பிளேடு, ஹப் இரண்டையும் சமன்செய்து, ஈரம் ஏறாதபடி வார்னிஷ் பூசி, பூசிய பின் மறுபடியும் சோதித்திருந்தார். குறை சொல்ல இடமில்லாத வேலை. அவருடைய மோட்டாரின் தண்டு 8 மில்லிமீட்டர், துளை கால் அங்குலம். அங்கேயே யாரிடமோ கை டிரில்லை வாங்கித் துளையைப் பெரிதாக்கினார். டிரில் முனை மரத்தின் ரேகை இளகிய பக்கமாக விலகிச் சென்றது. மேலெழுந்த சிறிது நேரத்தில் விமானத்தின் ஒலி மாறியது. மோட்டாரைத் தாங்கிய திருகுகள் அதிர்ந்து கழன்று, மோட்டார் சாய்ந்து, விமானம் மூக்கு உடைந்த நிலையில் தரையிறங்கியது. மோட்டாரின் தண்டும் வளைந்துபோனது. புரொப்பெல்லரைச் சமன்செய்யாததால் வந்த விபத்து என்று சுற்றியிருந்தவர்கள் அவரைக் குறைகூறியதுதான் எனக்கு மிகவும் வருத்தமளித்தது.

துளையைப் பெரிதாக்க வேண்டுமானால் படிகள் கொண்ட ரீமரைப் பயன்படுத்துங்கள். அதன் மெல்லிய முன்படி பழைய துளைக்குள் சரியாகப் பொருந்தி வழிகாட்டுவதால் மையம் விலகாது. கையால் மெதுவாக, இருபுறமிருந்தும் திருப்பினால் போதும். துளையைச் சரிசெய்வது எப்போதும் முதல் வேலை, சமன்செய்வது அதற்கடுத்த வேலை. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையை மீண்டும் செய்ய நேரும். துளை பெரிதாக இருந்தால், ஹப்பின் பின்புறப் பள்ளத்தில் அமரும் பிளாஸ்டிக் வளையங்களில் சரியான அளவுள்ளதைப் போட வேண்டும். ஏறத்தாழச் சரியானது போதாது. வளையம் தண்டில் ஆடக்கூடாது, ஹப்பிலும் ஆடக்கூடாது. தண்டையும் துளையையும் வெர்னியர் காலிப்பரால் அளந்த பிறகு வளையத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. டேப்பைத் தண்டில் சுற்றி இடைவெளியை அடைப்பவர்களையும் பார்க்கிறேன். டேப் ஒரு பக்கம் நசுங்கும், வெப்பத்தில் நகரும். ஆதலால் அது தீர்வாகாது.

தேய்க்கக்கூடாத இடத்தில் தேய்ப்பது

கனமான பிளேடின் முன்விளிம்பிலும் நுனியிலும் உப்புத்தாளை வைக்காதீர்கள். முன்விளிம்பின் வளைவுதான் காற்றோட்டத்தைத் தீர்மானிக்கிறது. நுனியைக் குறைத்தால் இரு பிளேடுகளும் வெவ்வேறு நீளமாகி, எடை சமமானாலும் இழுவிசை சமமாகாது. தட்டையான பின்முகத்தில், பரவலாக, மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

தேய்ப்பதைவிடக் கனம் குறைந்த பிளேடில் டேப் ஒட்டுவதையே நான் விரும்புவேன், ஏனெனில் தவறினால் எடுத்துவிடலாம். அதையும் பின்முகத்தில், முன்விளிம்பைத் தாண்டி மடியாதபடி, ஆல்கஹாலால் துடைத்த பரப்பில் அழுத்தி ஒட்டுங்கள். அந்த 0.1 கிராம் டேப்பையும் 670 கிராம் எடைக்கு ஈடான விசை வெளியே இழுக்கிறது என்பதால், அரைகுறையாக ஒட்டியது நிற்காது.

கார்பன் புரொப்பெல்லரை முகமூடி இல்லாமல் தேய்ப்பது

வேண்டாம், நீர் தொட்டுத் தேய்த்தாலும் முகமூடி கட்டாயம்.

அடிபட்ட புரொப்பெல்லரைச் சமன்செய்வது

குப்பையில் போடுங்கள். பிளேடின் அடியில் வெண்மையாக ஒரு கோடு தெரிந்தாலே அது முடிந்துவிட்டது. சமன்செய்தால் விரிசல் ஒட்டாது.

பிளேடுகள் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா என்று பார்க்காதது

பேலன்சர் எடையை மட்டுமே அறியும். ஒரு பிளேடு சற்று முன்னே வளைந்திருந்தாலோ இரு பிளேடுகளின் கோணம் வேறுபட்டாலோ அது காட்டாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளேடின் நுனியருகே ஒரு குச்சியை நிலையாக நிறுத்தி, புரொப்பெல்லரைக் கையால் திருப்பி, இரு நுனிகளும் குச்சியிலிருந்து ஒரே தொலைவில் கடக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரியுமளவு இருந்தால், வாஷருக்கடியில் தூசி இருக்கிறதா, அடாப்டர் (புரொப்பெல்லரை மோட்டார் தண்டில் பொருத்தும் துண்டு) சாய்ந்திருக்கிறதா என்று தேடிவிட்டு, இரண்டும் இல்லையென்றால் புரொப்பெல்லரை மாற்றிவிடுங்கள்.

மின்விசிறியின் கீழே பேலன்சரை வைப்பது

காற்று அடங்கிய அறையில் மட்டுமே பாருங்கள்.

மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது

ட்ரோன் ஓட்டுபவர்களிடம் இந்த எண்ணம் பரவியிருக்கிறது. ட்ரோனின் விமானக் கணினியில் ஓடும் பீட்டாஃப்ளைட் என்ற மென்பொருளில் மோட்டாரின் சுழல்வேகத்தைப் பின்தொடரும் வடிகட்டி இருக்கிறது, ஆர்டுபைலட் என்ற மற்றொரு மென்பொருளிலும் அதற்கு இணையானது உண்டு. இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவை கைரோவின் (சுழற்சியை உணரும் உணரியின்) அளவீட்டிலிருந்து அதிர்வை நீக்குகின்றனவே தவிர, சட்டகத்திலிருந்தும் பேரிங்கிலிருந்தும் கேமராவிலிருந்தும் நீக்குவதில்லை. ஆர்டுபைலட்டின் பறப்புப் பதிவில் அதிர்வு அளவு 30 மீட்டர்/நொடி²-க்குக் கீழே இருப்பது பொதுவாக ஏற்கத்தக்கது. 60-ஐத் தாண்டினால் உயரத்தையோ இடத்தையோ நிலைநிறுத்துவதில் பெரும்பாலும் சிக்கல் வரும். 30-க்குக் கீழே இருக்கிறது என்பதற்காகப் புரொப்பெல்லரைத் தொடாமல் விடுவதும் சரியன்று. அந்த அளவு விமானக் கணினிக்குப் போதுமானது, பேரிங்கின் ஆயுளை அது சொல்வதில்லை. 5 அங்குலப் பந்தய ட்ரோன்களில் தரமான வார்ப்புப் புரொப்பெல்லர்களை அப்படியே மாட்டுவதை நான் குறைசொல்ல மாட்டேன், அவை எடை குறைந்தவை, அடிக்கடி உடைபவை. கேமரா தூக்கும் 10 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றில் அந்தச் சலுகை கிடையாது.

மோட்டாரைச் சோதிக்காமல் புரொப்பெல்லரைக் குறைசொல்வது

புரொப்பெல்லர் இல்லாமல், குறைந்த வேகத்தில், மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதே சட்டகத்தில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது என்றால், தண்டோ மோட்டாரின் வெளிக்கூடோ பேரிங்கோ கெட்டிருக்கிறது. மோட்டார் நன்றாக இருந்து, புரொப்பெல்லர் மாட்டியதும் அதிர்ந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு நட்டைத் தளர்த்தி, தண்டை அசையவிடாமல் புரொப்பெல்லரை மட்டும் 180 பாகை திருப்பி மீண்டும் இறுக்கி, அதே வேகத்தில் ஓட்டுங்கள். அதிர்வின் அளவு தெளிவாக மாறினால், தண்டு அல்லது அடாப்டரின் குறையும் புரொப்பெல்லரின் குறையும் ஒரு நிலையில் கூடுகின்றன, மறுநிலையில் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. அதிர்வு குறைந்த நிலையைத் தேர்ந்து, ஹப்பிலும் அடாப்டரிலும் நேர்நேராக ஒரு மைப்புள்ளி வைத்துவிட்டால், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அதே நிலைக்குத் திரும்பலாம்.