உங்கள் நாய்க்கும் எலிச்சிறுநீர் நோய் வரும்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

"எங்க நாய் எலியைத் தொட்டதே இல்லையே!" நாய்க்கு லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிச்சிறுநீர் நோய், என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் பலர் வாயில் முதலில் வருவது இதுதான். இந்த நோய் வர நாய் எலியைத் தொட வேண்டியதே இல்லை. இந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும், ஆனால் எலிக்கு ஒன்றும் ஆகாது. சிறுநீரோடு வெளியே வந்தபின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் அந்தத் தண்ணீரை நக்கினாலோ, சிராய்த்த காலோடு அதில் நடந்தாலோ போதும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தவர்கள், எலியையும் செம்பனைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைக்கிறார்கள். தோட்டத்திலாவது எலி பிடிக்கக் கூட்டுப்பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். கடைவரிசையின் பின்சந்தில், சோறும் எலும்பும் வழியும் குப்பைத்தொட்டிக்கும் மூடாத கால்வாய்க்கும் நடுவில், எலியைக் கேட்க யார் இருக்கிறார்கள்? மாலையில் நாயை நடக்கக் கூட்டிப் போவதும் பெரும்பாலும் அந்த வழியில்தான். மழை விட்ட மறுநாள்களில் கூடுதல் கவனம் வேண்டும். மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சும் சின்ன நாய்க்கும் இது வரும்.

அடுத்தது சாப்பாட்டுத் தட்டு. நாய் மிச்சம் வைத்த சோற்றை இரவெல்லாம் போர்ட்டிக்கோவில் விட்டுவைப்பது எலிக்கு விருந்து வைப்பதுதான். எலி தின்றுவிட்டுச் சும்மா போகாது, அங்கேயே சிறுநீரும் கழிக்கும். காலையில் நாய் அதே தட்டை நக்கும், அதே கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கும். இரவில் தட்டை எடுத்துக் கழுவி வையுங்கள், காலையில் தண்ணீரை மாற்றுங்கள். அதற்குப் பதிலாக எலி மருந்து வைப்பவர்கள் உண்டு. மருந்து தின்ற எலியைத் தின்றால் நாய்க்கும் ஆபத்து.

"ஊசியெல்லாம் போட்டாச்சு" என்பார்கள். எந்த ஊசி? வெறிநாய்க்கடி ஊசி இதைத் தடுக்காது. நாய்களுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, அட்டையைப் பாருங்கள். முதல் முறை 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. குட்டியாக இருந்தபோது போட்டது ஐந்து வயதில் காப்பாற்றாது. கிருமியில் பல வகை உண்டு, ஊசி சிலவற்றைத்தான் தடுக்கும். அதனால் ஊசி போட்ட நாயையும் கால்வாயில் இறங்க விடாதீர்கள்.

உயிரைப் பறிக்கும் தவறு என்று நான் சொல்வது காத்திருப்பதைத்தான். கிருமி புகுந்து பொதுவாக 5 முதல் 15 நாளில் காய்ச்சல், வாந்தி, உடம்பு வலி, சோர்வு வரும், சாப்பாடு இறங்காது. சில நாய்கள் தண்ணீரை மொடாக் கணக்கில் குடித்துவிட்டு ஓயாமல் சிறுநீர் கழிக்கும். "கறியில காரம் ஜாஸ்தி போல" என்று இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்றிருந்தால், அதற்குள் சிறுநீரகம் செயலிழக்கலாம். கண் மஞ்சளாவது கல்லீரலும் கெட்டதற்கு அடையாளம். அதுவரை பொறுக்கக் கூடாது. வீட்டிலிருக்கும் பனடோலைக் கொடுப்பது அதைவிட மோசம், பாராசிட்டமால் நாய்க்கு நஞ்சாகலாம். மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போனால் பரிசோதனையிலும் கிருமி அகப்படாமல் போகலாம். முதல் வார ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது) தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. மருத்துவர் மறுபடி வரச் சொன்னால் போய்விடுங்கள்.

மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தால் வழக்கமாக 14 நாள். நான்காம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிடும், பலர் அத்தோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரகத்தில் ஒளிந்திருக்கும் கிருமி போக முழுக் கணக்கும் தேவை, இல்லையென்றால் நாய் தெம்பாக இருந்துகொண்டே கிருமியை வெளியேற்றும்.

நோயைக் கேட்டுப் பயந்து நாயைத் தோட்டத்து ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவருபவர்களை என்ன சொல்வது? அது பாவம் மட்டுமல்ல, நோயை ஊர்க் கால்வாய்க்கு அனுப்பி வைப்பது. சிகிச்சை தொடங்கிய நாயை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். அது சிறுநீர் கழித்த இடத்தில் ரப்பர் குழாயால் வேகமாகத் தண்ணீர் அடிக்காதீர்கள், தெறித்துக் கண்ணிலும் வாயிலும் படும். கையுறையும் சிலிப்பரும் போட்டுக்கொண்டு, துணியால் துடைத்து, ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (பிளீச் திரவம்) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். காய்ந்த தரையில் இந்தக் கிருமி நெடுநேரம் தாங்காது.

மனிதருக்கும் இது தொற்றும். மலேசியாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் 2010இல் சேர்ந்தது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் முதலில் டெங்கியைத்தான் நினைப்பார்கள். நாய்க்கு லெப்டோ இருந்ததை நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.