பழைய டொயோட்டா ஹைலக்ஸுக்கு 5எல் எஞ்சின்: ஒயில் சம்பை முதலில் பாருங்கள்

புல்மோட்டையிலிருந்து திருகோணமலைக்கு மீன் பெட்டி ஏற்றுகிற எங்கள் ஃபோர் வீல் ஹைலக்ஸ் எல்என்105 ரகம். அதிலிருந்த 2எல் டீசல் எஞ்சின் 2446 சிசி; ஐஸும் மீனும் ஏறிவிட்டால் மணலில் மூச்சு வாங்கும். அதை எடுத்துவிட்டு நான் போட்டது 5எல், 2986 சிசி. அதே எல் குடும்பம் என்பதால் பழைய கியர்பொக்ஸிலேயே போல்ட் ஓட்டைகள் பொருந்தும். டர்போ எஞ்சின் ஆசை எனக்கும் இருந்தது, ஆனால் உப்புக் காற்றில் ஓடுகிற வண்டிக்கு வயர் குறைந்த எஞ்சின்தான் நிம்மதி.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் ஹையேஸ் வானிலிருந்து கழற்றியவை. டீசல் பம்பில் அக்ஸிலேட்டர் கேபிள் மாட்டும் கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது 5எல்-இ, கம்ப்யூட்டரோடு வருவது, விட்டுவிடுங்கள். எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் மாற்ற வேண்டும் என்பதால் பற்றுச்சீட்டையும் கஸ்டம்ஸ் தாளின் பிரதியையும் கையோடு வாங்குங்கள்.

பழையதைக் கழற்றுவது உங்களுக்கே தெரியும்: பெட்டரி, ரேடியேட்டர், வயர், எக்ஸோஸ்ட், மவுண்ட். கியர்பொக்ஸை ஜாக்கில் தாங்கி வையுங்கள். சொக்கட் மட்டும் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். துருவேறிய போல்ட்டில் பன்னிரண்டு மூலை சொக்கட் தலையை வழித்துவிடும். தூக்குவதற்கு இரும்புத் தீராந்தியில் செயின் புளொக். வேப்பங்கிளையை நம்ப வேண்டாம்.

இனி என் இரண்டு நாளைத் தின்ற இடம். வான் எஞ்சினை அப்படியே இறக்கி, மவுண்டையும் பூட்டிவிட்டேன். குனிந்து பார்த்தால், எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் சட்டியான சம்புக்கும், முன் அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவில்லை. பக்கத்து கராஜ் அண்ணை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: “தம்பி, வானுக்குக் கீழ அச்சுத் தடி இல்ல. உங்கட வண்டிக்குச் சட்டிக்குக் கீழயே அச்சு துள்ளும். ரெண்டும் ஒண்டா?”

திரும்பத் தூக்கி, பழைய எஞ்சினின் சம்பைப் போட்டேன். அதுவும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. போல்ட்டை இறுக்கினால் படிந்துவிடும் என்று இறுக்கினேன், விளிம்புதான் வளைந்தது. உள்ளே வான் எஞ்சினின் ஒயில் உறிஞ்சும் குழாய் சம்பின் அடியில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே சம்ப், உறிஞ்சும் குழாய் இரண்டையும் சோடியாகப் பழையதிலிருந்து மாற்றுங்கள், எஞ்சின் தரையில் இருக்கும்போதே. சம்ப் விளிம்பில் கசிவடைக்கும் சிலிக்கனை மெல்லிய கோடாக இழுத்தால் போதும். அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து உறிஞ்சும் குழாயின் வலையை அடைக்கும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே ரைமிங் பெல்ட்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அது அறுந்தால் வால்வுகள் போய்விடும். மவுண்ட் பிராக்கெட், ஃப்ளைவீல், கிளச் எல்லாம் பழையதிலிருந்து வரும்.

குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கில் பொறித்திருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். 6 வோல்ட் பிளக்குக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துபோகும். இந்த வெயில் ஊரில் ஹீட்டர் எதற்கு என்பவர்கள் மார்கழி மழையில் விடியப்புறம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும்.

கடைசியாக டீசல் குழாய்களிலிருந்து காற்றெடுப்பது. ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அது கல்லாகும்வரை அழுத்துங்கள். இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி ஸ்டார்டரைச் சுற்றி, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். ஸ்டார்ட் ஆன பின்னும் டாஷ்போர்டில் ஒயில் விளக்கு அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த மூதூர் நண்பர் ஒருவருக்கு கிளச் மிதித்தாலும் கியர் கரகரத்தது. அவர் வாங்கியது ஓட்டோ கியர் வானின் எஞ்சின். அதன் கிராங்க் நுனியில், கியர்பொக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பெயரிங் இருக்காது. எனக்கு மனுவல் எஞ்சின் கிடைத்ததால் அது மனதில் வரவேயில்லை. ஃப்ளைவீல் பூட்டும் முன் அந்தக் குழியில் விரலை விட்டுப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் புதிய பெயரிங்கை அடித்து இறக்கிவிட்டு மேலே போங்கள்.