செல்போன் உடற்பயிற்சியா? பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள்

மே மாத மதுரை வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளைத் தெருவில் விட முடிவதில்லை. அதனால் செல்போனைச் சுவரில் சாய்த்து ஆன்லைன் உடற்பயிற்சி வகுப்பைப் போட்டுவிடுகிறோம். நல்லதுதான். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம், மிதமான வேகத்திலாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

ஆனால் திரையைப் பார்த்துத் தனியாகக் குதித்தால் உடம்புதான் அசையும். விட்டுக்கொடுப்பது, தன் முறைக்குக் காத்திருப்பது, தோற்றால் மூஞ்சியைத் தூக்காமல் இருப்பது எல்லாம் பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தால்தான் பழகும். வில்லாபுரத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பையனையும் கூப்பிட்டுக்கொண்டேன். ஒருவன் குதிக்க, மற்றவன் எண்ண வேண்டும். பத்து முடிந்ததும் முறை மாறும். முதல் நாளே "நீ ஏழு எண்ணாம விட்டுட்டடா" என்று ஒரே சண்டை. நான் பஞ்சாயத்துக்குப் போகவில்லை. வீடியோவை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். குடித்து முடிப்பதற்குள் அவர்களே, இனிமேல் சத்தமாக எண்ணுவது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

துணைக்குப் பிள்ளை இல்லையா? அப்பத்தாவை எண்ணச் சொல்லுங்கள். நேரலை வகுப்பு என்றால் கேமராவை அணைக்காதீர்கள். அப்புறம், வெயில் தாழ்ந்ததும் வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் கூட்டிப்போய் மற்ற பிள்ளைகளோடு ஆடவிடுங்கள். போன் வீட்டிலேயே இருக்கட்டும்.