பவளம் சுருங்குதா? பொடி டப்பாவைத் திறக்காதீங்க

என் 120 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டியில் இருந்த ஹேமர் பவளம் ஒரு வாரமாகச் சரியாக விரியவில்லை. விளக்கு வந்ததும் கொழுகொழுவென்று வெளியே வந்து ஆடுகிற சதை, கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. கே.ஹெச் (தண்ணீரின் காரத்தன்மை, dKH அளவில்) சோதித்தால் 6.5. "பிடிச்சாச்சு" என்று அன்று ராத்திரியே கே.ஹெச்சை ஏற்றும் பஃபர் பொடியை மூன்று டீஸ்பூன் கரைத்து ஊற்றினேன். மறுநாள் 10.5. அதற்கும் மறுநாள், பவளத்தின் நான்கு தலைகளில் (சதை விரியும் கிளை நுனிகளில்) ஒன்று சதை கழன்று வெள்ளைக் கூடாக நின்றது.

கோளாறு கே.ஹெச்சில் இல்லவே இல்லை. அது எங்கே இருந்தது என்று பிறகு சொல்கிறேன். நான் செய்யாமல் விட்ட வரிசை இதுதான்.

படி 1: கண்ணால் பாருங்கள்

நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். நீலத்தில் செத்த பவளம்கூட அழகாகத்தான் தெரியும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து இன்னொரு முறை பாருங்கள். புழு, நத்தை, பக்கத்துப் பவளத்தின் கொட்டும் இழைகள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

வெள்ளையாகிவிட்டது என்றதும் எல்லாரும் ஒரே முடிவுக்குப் போய்விடுகிறோம். வெள்ளையில் இரண்டு வகை உண்டு. சதை கண்ணாடி போல் கூட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெளுப்பு: உள்ளே வாழும் நுண்பாசியைப் பவளம் வெளியேற்றிவிட்டது. பெரும்பாலும் சூடு, அல்லது திடீரென்று கூடிய வெளிச்சம். உயிர் இருக்கிறது, மீட்கலாம். சதையே இல்லாமல் வெறும் சுண்ணாம்புக் கூடு தெரிந்தால் அது சதை உரிதல். அடியிலிருந்து நாள்கணக்கில் மெல்ல ஏறினால் யோசிக்க நேரம் உண்டு. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தில் சில மணி நேரத்திலேயே முழுக்க உரிந்துவிடுவதும் உண்டு.

பழுப்பாக மாறினால் பதற வேண்டாம், சத்து அதிகம் அல்லது வெளிச்சம் போதவில்லை. ஹேமர், டார்ச் பவள வகைகளில் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி படர்ந்து நாற்றம் அடித்தால் மட்டும் நேராகப் படி 5-க்குப் போங்கள்.

படி 2: அளந்து பாருங்கள், ஆனால் முதலில் கருவியைச் சரிபாருங்கள்

வெப்பம் 25 முதல் 27 டிகிரி. நான் இருக்கும் சிங்கப்பூரில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி சுலபமாக 30-ஐத் தொட்டுவிடும். ஃபேன் வைத்தால் சூடு இறங்கும், கூடவே தண்ணீரும் ஆவியாகும், உப்பு ஏறும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீர் (உப்பும் தாதுவும் நீக்கிய சுத்த நீர்) மட்டும் ஊற்ற வேண்டும், அதன் டி.டி.எஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) 0 காட்ட வேண்டும்.

உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு). நான் கோட்டைவிட்டது இங்கேதான். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வாங்கிய நாளில் சரிபார்த்ததோடு சரி. தலை ஒன்று போன பிறகு 35 பி.பி.டி. சரிபார்ப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கருவி 38 காட்டியது! அப்படியென்றால் நான் 35 என்று நம்பிய தொட்டியில் உண்மையில் 32 தான். உப்பு குறைந்தால் அதோடு கே.ஹெச், கால்சியம் எல்லாமே குறையும். உப்பை 35-க்குக் கொண்டுவந்திருந்தாலே கே.ஹெச் 7-ஐத் தாண்டியிருக்கும். கடலில் இருப்பதே ஏறக்குறைய 7 தான்.

மற்றவை (கே.ஹெச் தவிர எல்லாம் பி.பி.எம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு): கே.ஹெச் 7 முதல் 10, கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350. அம்மோனியா இருக்கவே கூடாது. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. இந்த இரண்டையும் பூஜ்யமாக்குவதைச் சாதனையாக நினைக்காதீர்கள். பவளம் பட்டினி கிடந்து வெளிறும். அந்த நிலையில் கே.ஹெச்சும் உயர்ந்தால் கிளை நுனிகள் கருகும்.

படி 3: இரண்டு வாரத்தில் என்ன மாறியது?

புது விளக்கா, புது மீனா, வேறு உப்பா? கண்ணாடி துடைக்கும் காந்தத்தைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே துருப்பிடித்திருக்கலாம். மீனுக்குத் தாமிர மருந்து போட்ட வாளி, குழாய் எதையும் இந்தத் தொட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

படி 4: ஒன்றை மட்டும், மெதுவாக

கே.ஹெச்சை ஒரு நாளில் 1-க்கு மேல் ஏற்றக் கூடாது. 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா ஏறக்குறைய 1 கூட்டும். பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் ஊற்றுங்கள்.

உப்பு குறைவென்றால் பொடியைத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஆவியான தண்ணீருக்குப் பதிலாக 35 பி.பி.டி. உப்புநீரை ஊற்றுங்கள். எனக்குத் தினமும் 2 லிட்டர் ஆவியாகும். 32-லிருந்து 35-க்கு வர ஐந்து நாள் பிடித்தது. வந்ததும் மறக்காமல் ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீருக்குத் திரும்புங்கள்.

வெளுப்பு என்றால் விளக்கைக் குறையுங்கள், சூட்டை இறக்குங்கள், இரவில் கொஞ்சம் தீனி கொடுங்கள். நிறம் திரும்ப வாரங்கள் ஆகும்.

படி 5: டிப் (மருந்துக் குளியல்), வெட்டு

பழுப்புச் சளி என்றால் முதலில் பம்புகளை நிறுத்துங்கள். இல்லையென்றால் அது பறந்து மற்ற பவளங்களில் ஒட்டும். மெல்லிய குழாயால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். பிறகு வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, அயோடின் டிப்பை லேபிளில் உள்ள அளவும் நேரமும் பார்த்துக் கலந்து முக்குங்கள். அந்தத் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

தட்டைப்புழு, நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) போன்றவை டிப்பில் உதிரும், முட்டைகள் சாகாது. முட்டையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை நாலைந்து வாரம் டிப் செய்ய வேண்டும்.

சதை உரிவது நிற்கவில்லை என்றால், நல்ல சதை உள்ள பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, ஜெல் சூப்பர் குளூவில் புதுக் கல்லில் ஒட்டுங்கள்.

ஜோவாந்தஸ் (பொத்தான் பவளம்) வகைகளைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே கூடாது, ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

படி 6: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

எனக்கு இதுதான் கஷ்டம். வாரம் ஒரு படம், அதே வெள்ளை விளக்கில், அதே கோணத்தில். நோட்டில் தேதியும் அளவுகளும். உப்பு சரியான மூன்றாம் வாரம் மிச்சம் மூன்று தலைகளும் விரிந்தன. போன தலையை நான் வெட்டவில்லை. இப்போது அதன் மேல் ஊதாப் பாசி படர்ந்திருக்கிறது. குட்டி இறால் ஒன்று அதற்குள் குடியிருக்கிறது.