கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், கர்ப்பம் உறுதியான பிறகு ஃபோலிக் அமிலம் என்னும் பி வகை வைட்டமின் மாத்திரையைத் தொடங்கலாம் என்று தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். கருவின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக் குழாய், கரு உருவாகிச் சுமார் 28 நாட்களில் மூடிக்கொள்கிறது. அப்போது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலருக்குச் சந்தேகம்கூட எழுந்திருக்காது! அந்தக் குழாய் சரியாக மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு போன்ற பிறவிக் குறைபாடுகள் ஏற்படலாம். ஃபோலிக் அமிலம் அந்த அபாயத்தைப் பெருமளவு குறைக்கிறது.

கருத்தரிக்க முயலத் தொடங்கும்போதிருந்து கர்ப்பத்தின் 12ஆவது வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உணவில் கிடைப்பதை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பதே என் கருத்தும்.

முந்தைய கர்ப்பத்தில் இத்தகைய குறைபாடு இருந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் அளவு தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

திட்டமிடாமல் கருவுற்றிருந்தால் பதற வேண்டாம், தெரிந்த அன்றே தொடங்குங்கள்.