ஃபயர்வாலைத் தட்டியது யார்? தேடும்போது செய்யக்கூடாதவை

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் நெட்வொர்க் பார்க்க வரும் புதுப் பையன்கள் ஃபயர்வாலின் (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் காவல்) லாக்கை, அதாவது பதிவேட்டைத் திறந்ததும் பதறுகிறார்கள். "அண்ணா, யாரோ ஹேக் பண்றாங்க!" கேட்காமலே வரும் அந்தப் பாக்கெட்டுகளில் (சிறு தரவுத் துண்டுகளில்), பதில் வருகிறதா என்று பார்க்க இணைய அளவீட்டுக்காரர்கள் அனுப்பும் ப்ரோப்களும் உண்டு. ஜிகாபிட் இணைப்பு இருந்தால் ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் ஒரு போர்ட்டுக்கு (ஒரு சேவைக்கான எண் வாசலுக்கு) 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கும் ஜிமேப் (ZMap) என்ற கருவி 2013-லேயே வந்துவிட்டது. நம் முகவரியை மட்டும் விட்டுவைப்பார்களா? போட்நெட்டுகளும் (கள்ளத்தனமாகப் பிடித்துவைத்த கணினிக் கூட்டங்களும்) கூடவே வருவதால்தான் யாரென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹூயிஸ் காட்டும் பெயரைக் குற்றவாளியாக்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். மாம்பழ சீசன் உச்சத்தில் ஒரு கூழ் ஆலை. 443-ஆம் போர்ட்டை ஒரே முகவரி தட்டுவதைப் பார்த்த தம்பி, முகவரி யார் பேரில் என்று காட்டும் ஹூயிஸ் பதிவேட்டில் தேடினான். ஏதோ கிளவுட் நிறுவனத்தின் பெயர் வந்தது. அந்த முகவரித் தொகுதி மொத்தத்தையும் உள்ளே, வெளியே இரண்டு பக்கமும் அடைத்துவிட்டான். ஏற்றுமதி ஆவணங்களை ஏற்ற வேண்டிய வெளிநாட்டு வாடிக்கையாளரின் தளமும் அதே தொகுதியில் இருந்தது. கன்டெய்னர் தயார், ஆவணம் ஏறவில்லை. எல்லோரும் லைன்மேனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் எவனோ சண்டை போட்டதற்கு மண்டப ஓனரைப் பிடிப்பது போலத்தான் இது. தொகுதி யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதோடு ஹூயிஸ் நின்றுவிடும். அதில் ஒரு மணி நேரம் வாடகைக்கு இருந்தவர் யாரென்று அதற்குத் தெரியாது.

நான் போய் அந்த முகவரியின் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸைப் (முகவரிக்கு என்ன பெயர் என்று சொல்வது) பார்த்தேன். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் வந்தது. முகவரியை வைத்திருப்பவர் ரிவர்ஸ் பெயரை இஷ்டத்துக்கு வைக்கலாம். அந்தப் பெயர் திரும்ப அதே முகவரிக்கு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வந்தது. பிரவுசரில் முகவரியைத் திறந்தால் ஆராய்ச்சி ஸ்கேன் என்ற விளக்கமும், வேண்டாமென்றால் எழுத வேண்டிய மெயிலும் இருந்தன. ஒரு மெயிலில் முடிந்திருக்கும்.

இதற்கு இப்போது ஒரு முறையே இருக்கிறது. 2023 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 9511 என்ற இணைய நடைமுறை ஆவணத்தின்படி, ப்ரோப் அனுப்புபவர் அதே முகவரியில் ‘வெல்-நோன்’ பாதைக்குள் ‘ப்ரோபிங் டாட் டிஎக்ஸ்டி’ என்ற கோப்பை (/.well-known/probing.txt) வைக்கலாம். தொடர்பு முகவரி, காலாவதித் தேதி, என்ன அளக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் திருடன் என்று அர்த்தமில்லை; பலர் வைப்பதில்லை.

பாக்கெட்டுக்குள் இருக்கும் இணைப்பை நம்புவது

விளக்கப் பக்கத்தின் இணைப்பைப் பாக்கெட்டுக்குள்ளேயே எழுதவும் அதே ஆர்எஃப்சி வழி சொல்கிறது. வசதிதான். ஆனால் அடுத்தவர் இணைப்பை எவனும் எழுதலாம். இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் யூடிபியிலும், இணைப்பைக் கேட்கும் தனி சின் பாக்கெட்டிலும் அனுப்புநர் முகவரியே பொய்யாக இருக்கலாம். கோப்பும் இணைப்பும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும், அவ்வளவுதான்.

நாடு காட்டும் வரைபடம்

ஒரு ஐபி முகவரி எந்த நாட்டில் இருக்கிறது என்று அது காட்டுவது ஊகம். அதை வைத்து ஒரு நாட்டையே அடைக்காதீர்கள்.

நேரம் போடாத புகார்

லாக் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்க, முகவரி வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் புகாரை நம்மூர் நேரமென்று அனுப்பினால் ஐந்தரை மணி நேரம் தள்ளி வேறொருவர் மாட்டுவார். சிஜிநாட்டுக்குப் (இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிடும் முறை) பின்னால் பல வீடுகளுக்கு ஒரே முகவரி என்பதால் சோர்ஸ் போர்ட்டும் (அனுப்புநர் பக்கத்து போர்ட் எண்ணும்) வேண்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், லாக் வரிகளை அப்படியே ஒட்டி அனுப்புங்கள்.