விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டதால், ரங்கூனிலும் மோல்மேனிலும் நம்மவர் வீடுகள், கடைகள், கோயில் அலுவலகங்களில் உள்ள பல கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாறவேண்டிய நிலையில் உள்ளன. வட்டை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது நல்ல வழிதான் என்றாலும், எதை இழக்கப்போகிறோம் என்று அறியாமல் அதில் இறங்குவோர் பிறகு வருந்துகிறார்கள்.

தேவையில்லாமல் அழிப்பதே முதல் தவறு. நச்சுநிரல் புகுந்த கணினி, யாரோ பயன்படுத்திய பழைய கணினி, உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதி ஓடும் கணினி ஆகியவற்றுக்கு அழித்து நிறுவுதல்தான் பொருத்தம். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் பழையதன் மேலேயே புதியதை ஏற்றினால் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும்; பிடிக்கவில்லையென்றால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பவும் முடியும். அழித்து நிறுவியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்பதையும் அழிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்: டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமற்ற நிரல்களைத் தடுக்கும்) வசதி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி ஆகியவை தேவை.

நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது எழுத்துரு. திருவிழா அழைப்பிதழ், நன்கொடைக் கணக்கு, தமிழ்ப் பள்ளிப் பாடக்குறிப்பு என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகளில் கணிசமானவை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. கோப்புகளை மட்டும் பத்திரமாக நகலெடுத்து, எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய கணினியில் திறக்கும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும், புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளிகளும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்து அதை நீக்கிவிடக் கூடாது. எழுத்துருவை மீண்டும் நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும். பர்மிய மொழிக் கடிதங்களிலும் இதே சிக்கல் உண்டு. மியான்மர் 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் ஜோஜி எழுத்துருவில் எழுதியவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குழம்பித்தான் தெரியும். எனவே அழிப்பதற்கு முன் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையையும், பயனர் கணக்கின் ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் நகலெடுங்கள்; இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். யூனிகோடில் எழுதியவர்களுக்கும் ஒரு சொல்: லதா எழுத்துரு இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை, அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்தால் அது கிடைக்கும்.

நகலை அதே வட்டின் டி பகுதியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது அடுத்த பெருந்தவறு. நிறுவும்போது வரும் வட்டுப் பட்டியலில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3’ என்பது போல எண்களும் அளவுகளுமே இருக்கும். அவசரத்தில் ஒரு வரி மாறி அழுத்தினால் பிள்ளைகளின் படங்கள் எல்லாம் போய்விடும். நகல் வெளி வட்டில் இருக்கட்டும்; அதிலிருந்து சில கோப்புகளையாவது வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகு, அந்த வட்டைக் கழற்றி எடுத்துவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கணினிக்குள் இரண்டாவது வட்டு இருந்தால் அதன் இணைப்பையும் கழற்றுவது நல்லது. இல்லையெனில் விண்டோஸைத் தொடங்கவைக்கும் கோப்புகள் அந்த வட்டில் போய் உட்கார்ந்துகொள்வதுண்டு.

கடைகளில் ‘ஆக்டிவேட் செய்தது’ என்று பென்டிரைவில் ஏற்றித் தரும் பிரதிகளை வாங்காதீர்கள். சுத்தமாக்குவதற்காக அழித்துவிட்டு, யாரோ திருத்திய விண்டோஸை ஏற்றுவதில் பொருளே இல்லை. முன்பு முறையான உரிமம் இருந்த கணினிக்கு மீண்டும் உரிம விசை கேட்டால், ‘என்னிடம் விசை இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பிருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோமை, நிறுவினால் போதும். இணையத்தில் இணைந்ததும் உரிமம் பெரும்பாலும் தானாகவே செயல்படும். மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கும் கோப்பு 5 ஜிபிக்கும் மேல் இருக்கும் என்பதால் இணையமும் மின்சாரமும் நிலையாக உள்ள நேரத்தில் அதை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிவையுங்கள். வைஃபை டிரைவரையும் (அதை இயக்கும் மென்பொருள்), இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய மடிக்கணினி என்றால் வட்டுக்கான ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரையும் கூடவே எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னது இல்லாமல் சில கணினிகளில் வட்டே பட்டியலில் தெரியாது. மின்தடைக்கு வாய்ப்புள்ள நேரத்தில், மின்கலம் நிறைந்த மடிக்கணினியிலோ இன்வெர்ட்டர் இணைப்பிலோ அன்றி நிறுவத் தொடங்காதீர்கள்.

நிறுவி முடித்ததும் ஒன்றைச் சரிபாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டுவிடும், அதாவது விசை இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு விசை அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். சரிசெய்பவர் தம் சொந்தக் கணக்கில் நுழைந்து நிறுவித் தந்திருந்தால் விசை அவரிடமே இருக்கும். எனவே உங்கள் கணக்கிலேயே நுழைந்து, விசையைத் தாளில் எழுதி, கணினியோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.